கிளியம்மாள் உடைக்காத சக்கரம்

ஜூலை 3, வியாழன்

காலையில் இரண்டு டிரைவிங் வகுப்பு. பள்ளிக்கரணை கிளியம்மாள் அக்கா இன்று முதல் தடவையாக, இஞ்சின் அணையாமல், மூன்றாவது கியர் வரை போனார். போன சந்தோஷத்தில் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையையும் தட்டினார்! நான் எட்டிப் பிடித்திருக்காவிட்டால் வண்டி பழகுகிற காலி மனை லேஅவுட்டின் எல்லைக் கல்லில் ஏறியிருப்போம்.

"கைதட்ட நான் இருக்கேன்க்கா, நீங்க ரோட்டப் பாருங்க."

"எங்க வூட்ல யாரும் தட்ட மாட்டாங்க டீச்சர். அதான் நானே தட்டிக்கினேன்."

அந்த வீட்டில் கார் மூன்று நிற்கிறது. பள்ளிக்கரணையில் நிலம் விற்ற குடும்பம், கணவர் முனிரத்தினத்துக்கு இன்னும் நாலைந்து மனை இருக்கிறதாம். மகள் தேவதர்ஷினி நாவலூரில் அபார்ட்மெண்டில் தனியாக இருக்கிறாள், வேலை அங்கே. அவளைப் பார்க்கக் கிளம்ப வேண்டுமென்றால் மகன் முகிலனுக்கு நேரம் இருக்க வேண்டும், மனதும் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே நாளில் வாய்ப்பதில்லை என்கிறார். அதனால்தான் ஐம்பத்தாறு வயதில் என்னிடம் பெயர் கொடுத்திருக்கிறார்.

சாயங்காலம் மழை. காயப்போட்ட துணியெல்லாம் மறுபடி துவைக்க வேண்டும்.

ஜூலை 8, செவ்வாய்

பேனா இரண்டு தடவை காகிதத்தைக் கிழித்துவிட்டது. பயத்தில் இல்லை. ஆத்திரத்தில்.

மேடவாக்கம் கூட்டு ரோட்டில் இடப்பக்கம் திரும்பும்போது முன்சக்கரம் மடங்கிவிட்டது. கிளியம்மாள் அக்கா ஓட்டிக்கொண்டிருந்தார், நான் பக்கத்தில். ஆள் நடக்கிற வேகம்தான். எதன் மேலும் மோதவில்லை, உரசவில்லை. படார் என்று ஒரு சத்தம், வண்டி இடது பக்கமாகத் தரையில் உட்கார்ந்தது. ஸ்டியரிங் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. இறங்கிப் பார்த்தால், சக்கரம் வண்டிக்குச் சம்பந்தமே இல்லாதது போல வெளியே கோணிக்கொண்டு நிற்கிறது. பின்னால் வந்த பஸ் சரியான நேரத்தில் பிரேக் போட்டது. அல்லாஹ் காப்பாற்றினான்.

உடனே கூட்டம். உதவிக்கு வந்தவர் ஒருத்தர் இல்லை, தீர்ப்பு சொல்ல வந்தவர்கள்தான் எல்லாரும். ஒரு ஆள் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், "லேடீஸ்கிட்ட லேடீஸ் கத்துகினா இப்டித்தான் ஆவும்" என்கிறான். இன்னொருவன் வீடியோ எடுக்கிறான். "ஏன் சார், இரும்பு ஒடிஞ்சதுக்கும் நாங்க பொம்பளைங்களா இருக்கறதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டேன். சிரித்தான். பதில் தெரியாதவனுக்குச் சிரிப்பு எவ்வளவு வசதி!

அக்கா நடுரோட்டுத் தடுப்புச் சுவரில் உட்கார்ந்து தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ரொம்ப கெட்டியா புடிச்சிட்டேனா டீச்சர்? வெடுக்குனு திருப்பிட்டேனா?" இல்லை இல்லை என்று பத்துத் தடவை சொல்லியிருப்பேன். காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

வண்டிக்கு எது என்றாலும் என் வீட்டுக்காரர் கலீலின் தம்பி முதாசிர்தான். கீழ்க்கட்டளையில் ஷெட் வைத்திருக்கிறான். ஆனால் கல்யாணத்துக்கு ஆம்பூர் போயிருக்கிறான், ஷெட் பூட்டு. வண்டியை இழுத்துப் போகிறவர் தனக்குத் தெரிந்த சேலையூர் வில்பிரட் ஷெட்டில் கொண்டுபோய் விட்டார். முதாசிருக்குப் போன் செய்தேன்.

"கத்துக்கறவங்கதானே அண்ணி, எங்கயாவது குழியில எறக்கியிருப்பாங்க. எஃப்.சி.க்கு முன்னாடிதானே லோயர் ஆர்ம் புதுசு போட்டுக் குடுத்தேன். தானா எப்படி ஒடியும்?"

எஃப்.சி. என்றால் வண்டி ரோட்டில் ஓடத் தகுதியா என்று ஆர்.டி.ஓ. ஆபீஸில் பார்ப்பது. லோயர் ஆர்ம் என்பது சக்கரத்தைக் கீழேயிருந்து வண்டியோடு பிடித்து வைத்திருக்கும் இரும்புக் கை. அது போனால் சக்கரம் போச்சு. புதுசு எப்படி ஒடியும் என்று அவன் கேட்பது நியாயம்தான். ஆனால் குழி இல்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். குழியில் இறங்கியிருந்தால் என் இடுப்புக்குத் தெரியாதா?

ஜூலை 9, புதன்

முகிலன் வீட்டுக்கு வந்தான். நல்ல சட்டை, நல்ல பேச்சு, கையில் கார் சாவி. சண்டைக்கு வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"தப்பு எங்க சைடுதான் மேடம். அம்மா உடைச்சத நானே முழுசா சரி பண்ணித் தர்றேன், நீங்க ஒண்ணும் கவலைப்பட வேணாம். ஆனா இனிமே அம்மாவ க்ளாஸுக்குக் கூப்பிடாதீங்க. வயசாயிடுச்சு, கை கால் கன்ட்ரோல்ல இல்ல. இன்னைக்குச் சக்கரம், நாளைக்கு எவன் மேலயாவது ஏத்திட்டா?"

இவர் டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு ஒவ்வொரு வார்த்தைக்கும் தலையாட்டினார். கலீல் பாய் தலையாட்டினால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது என்று முகிலன் நினைத்துவிட்டான். "மெக்கானிக் பாக்கட்டும், அதுக்கப்புறம் யார் உடைச்சாங்கன்னு பேசலாம்" என்றேன். அவன் என்னைப் பார்த்த பார்வை — அம்மாவைப் பார்க்கிற அதே பார்வையாகத்தான் இருக்க வேண்டும்.

அவன் போனதும் இவர்: "தானா வர்ற உதவிய எதுக்குத் தள்ளி விடற? நல்ல பையன்."

நல்ல பையன்தான். அவன் உதவியை வாங்கிக்கொண்டால் அக்காதான் உடைத்தார் என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி. அது இவருக்குப் புரியவில்லையா, புரிந்தும் வேண்டாமா?

ஜூலை 10, வியாழன்

கிளியம்மாள் அக்கா போனை எடுக்கவில்லை.

ஜூலை 12, சனி

வில்பிரட் வண்டியைப் பார்த்துவிட்டார். ஐம்பது வயது இருக்கும், முன்கோபி, வாய் ஓயாது. "ஆர்ம் ஒடிஞ்சிகீது மேடம். அது ஒடிஞ்ச அடில, சக்கரத்தத் திருப்பற டை ராடும் வளைஞ்சி போச்சு. சாமானெல்லாம் நீங்களே வாங்கியாந்துருங்க. அப்பால வில்பிரட் ரேட்ட கூட வச்சி எழுதிட்டான்னு பேச்சு வரக் கூடாது" என்றார். என் மாடலில் இரண்டு வகை வந்ததாம், சாம்பிள் இல்லாமல் போனால் கடையில் கொடுக்க மாட்டார்கள். ஒடிந்ததையே சாம்பிளாக எடுத்துப் போகலாம் என்றால், அது வண்டிக்கடியில் சிக்கிக்கொண்டிருக்கிறது, கழற்றத் திங்கட்கிழமை ஆகும்.

அப்போதுதான் டிக்கி ஞாபகம் வந்தது.

எந்த ஷெட்டிலும் உள்ள வழக்கம்தான். புதுச் சாமான் போட்டால் கழற்றிய பழையதைக் காகிதத்தில் சுற்றி டிக்கியில் போட்டுவிடுவார்கள். மாற்றாமலே மாற்றினேன் என்று சொல்லவில்லை, இதோ பார் என்று நமக்குக் காட்டுவதற்கு. "பழைய ஆர்ம் டிக்கில இருக்கு அண்ணி, பாத்துக்குங்க" என்று முதாசிரும் சொன்னான். அது அங்கேயே கிடந்தது. பழைய இரும்புக்காரர் தெருவில் வரும்போதெல்லாம் போட நினைத்து மறந்துபோவேன். மறந்தது நல்லதாகப் போயிற்று, சாம்பிள் கையிலேயே இருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன்.

மேற்குத் தாம்பரத்தில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. கடைக்காரர் சாம்பிளை வாங்கிக்கொண்டு என் தலைக்கு மேலே எட்டி வாசலைப் பார்க்கிறார். "சார் வரலையா மேடம்? சார் வந்தா கரெக்டா சொல்லுவாரு." எங்கள் வீட்டு சாருக்கு டயரில் காற்று பிடிக்கவே தெரியாது. மெத்தை விற்கிறவர். நான் பதினொரு வருஷமாக வண்டி ஓட்டக் கற்றுக் கொடுக்கிறேன். "சார் மெத்தை விக்கப் போயிருக்காரு, நீங்க சாமானக் குடுங்க" என்றேன். ஒரே மாதிரி இருக்கிறதா என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தே வாங்கினேன்.

ஜூலை 14, திங்கள்

மாட்டவில்லை.

வில்பிரட் கத்தின கத்தலில் பக்கத்துப் பஞ்சர் கடையில் வேலை நின்றுவிட்டது. "இன்னா மேடம் நீங்க, சாம்பிள் எட்தும்போங்கன்னு தலபாடா அட்சிகினேனே! வேற வண்டி சாமான வாங்கியாந்துகிறீங்க!"

"சாம்பிள் குடுத்துத்தான் வாங்கினேன். கத்தாதீங்க."

"எங்க அந்த சாம்பிளு?"

கொடுத்தேன். இதே வண்டியில் கழற்றியதுதான் என்றும் சொன்னேன். அவர் அதைத் திருப்பிப் பார்த்தார், வண்டிக்கடியில் குனிந்து பார்த்தார், மறுபடி அதைப் பார்த்தார். கத்தல் நின்றுவிட்டது.

"இது இந்த வண்டில கழட்டினது இல்ல மேடம். இந்த வண்டில இது மாட்டவே மாட்டாது."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. டிக்கியில் கிடந்தது எவனுடைய வண்டியின் ஆர்மோ. அப்படியென்றால் என் வண்டியில் கழற்றிய பழைய ஆர்ம் எங்கே?

ஒடிந்ததைக் கழற்றினார்கள். நானே மண்ணெண்ணெய்த் துணி வாங்கித் துடைத்தேன். மேலே கறுப்புப் பெயிண்ட், புதுசு மாதிரி. பெயிண்ட் உரிந்த இடத்தில் பார்த்தால் வெல்டிங். முண்டு முண்டாக, பூரான் ஓடின மாதிரி ஒரு கோடு. ஒடிந்திருப்பதும் சரியாக அந்தக் கோட்டில்தான். என் பழைய ஆர்ம் எங்கேயும் போகவில்லை. என் வண்டியிலேயேதான் இருந்திருக்கிறது. விரிசலை ஒட்டவைத்து, பெயிண்ட் அடித்து, திரும்ப மாட்டிவிட்டு, ஷெட்டில் கிடந்த எதையோ காகிதத்தில் சுற்றி என் டிக்கியில் போட்டிருக்கிறான்.

துருப்பிடித்த இரும்பு ஒன்று டிக்கியில் கிடந்தால் போதும், நமக்கு நிம்மதி. அது நம் வண்டியுடையதுதானா என்று இந்த ஊரில் யார் குனிந்து பார்க்கிறார்கள்? அது தெரிந்துதானே செய்தான்.

"யார் செஞ்சதுன்னு நான் கேக்கல" என்றார் வில்பிரட். கேட்க வேண்டாம். எனக்குத் தெரியும். அந்த வண்டியில் நான் தினமும் பெண்களை உட்காரவைத்து, பயப்படாதீங்க, பயப்படாதீங்க என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பாவி!

ஜூலை 15, செவ்வாய்

முதாசிர் ஊரிலிருந்து வந்துவிட்டான் என்று தெரிந்ததும் ஷெட்டுக்குப் போனேன். இரண்டு ஆர்மையும் அவன் மேஜையில் வைத்தேன்.  அவனே பேசட்டும் என்று நின்றேன்.

முதலில், "என்ன அண்ணி இது" என்றான். பிறகு, மறுநாள் எஃப்.சி. இருந்தது என்றான், கடையில் ஸ்டாக் இல்லை என்றான். "எஃப்.சி. முடிஞ்சதும் புதுசு மாத்திடலாம்னுதான் இருந்தேன். வேலை மேல வேலை, மறந்துட்டேன்."

சரி, மறதி மனுஷனுக்கு வருவதுதான். வெல்டிங்கைக்கூட மன்னித்திருப்பேன். கேட்டேன்: "நான் ஆம்பூருக்குப் போன் பண்ணப்போ உனக்கு ஞாபகம் வந்துச்சா இல்லையா?"

மேஜையில் கிடந்த ஸ்பானரை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தான்.

வந்திருக்கிறது. லோயர் ஆர்ம் என்ற பேச்சை எடுத்ததே அவன்தானே! எது ஒடிந்தது என்று நான் சொல்லவே இல்லை. எனக்கே தெரியாது. அவனுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டே, கத்துக்கறவங்க குழியில எறக்கியிருப்பாங்க என்று கூசாமல் ஒரு மனுஷி தலையில் கட்டினான். அந்த அம்மா எப்படி இருப்பார் என்றுகூட அவனுக்குத் தெரியாது. பேர் தெரியாது.

"பேரு கிளியம்மாள்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூலை 16, புதன்

வீட்டில் பெரிய சண்டை.

இவர் சொல்வது: தம்பி ஒத்துக்கொண்டான், புது ஆர்ம் அவனே வாங்கித் தருகிறான், விஷயம் முடிந்தது. வெளியில் எதற்கு? கீழ்க்கட்டளையிலிருந்து மேடவாக்கம் வரை அவனிடம்தான் வண்டி விடுகிறார்கள், ஒரு வார்த்தை வெளியே போனால் ஷெட்டை மூட வேண்டியதுதான்.

"அப்ப கிளியம்மாள் அக்கா?"

"அந்தம்மாவுக்கு என்ன, வீட்ல மூணு காரு நிக்குது."

மூணு காரு நிக்குதாம்! நிற்கிற காரில் அவர் என்ன கோலமா போடுவார்? எவ்வளவு சுலபமாகச் சொல்கிறார்கள். தம்பிக்கு இருப்பது மானம், அந்த அம்மாவுக்கு இருப்பது மட்டும் வெறும் ஆசை, இல்லையா? இத்தனைக்கும் இவர் கெட்டவர் இல்லை. எனக்கு லைசென்ஸ் எடுக்கச் சொன்னவரே இவர்தான். தன் வீட்டு ஆள் என்று வந்ததும் தராசு எப்படிச் சாய்கிறது, பாருங்கள். யாரைப் பாருங்கள் என்கிறேன்? நானேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ராத்திரி சாப்பாடு போட்டு வைத்துவிட்டு வந்து படுத்துவிட்டேன்.

ஜூலை 18, வெள்ளி

ஒடிந்த ஆர்மைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் பள்ளிக்கரணை போனேன். கனம், தோள் இன்னும் வலிக்கிறது. இவரிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். டிவி சத்தத்தைக் கூட்டினார்.

பெரிய கண்ணாடி டீப்பாய். அதன் மேல் பேப்பர் விரித்து அந்த இரும்பை வைத்தேன். முனிரத்தினம் ஐயா, முகிலன் இரண்டு பேரும் எதிரே. அக்கா சமையலறை வாசலில் நின்றார். பத்து நாளில் ஆள் இளைத்துவிட்டார். வெல்டிங்கைக் காட்டினேன், எங்கே ஒடிந்திருக்கிறது என்று காட்டினேன். "அக்கா ஓட்டினாலும் ஒடிஞ்சிருக்கும், நான் ஓட்டினாலும் ஒடிஞ்சிருக்கும், நீங்க ஓட்டியிருந்தாலும் ஒடிஞ்சிருக்கும் தம்பி" என்று முகிலனிடம் சொன்னேன்.

"வண்டின்னா ஒடியறதுதாம்மா, இத்தப் போயி பெர்சு பண்ணிகினு" என்றார் முனிரத்தினம் ஐயா.

முகிலன் அந்த இரும்பை ஒரு பார்வை பார்த்தான். "ஓகே மேடம். அம்மா மேல தப்பில்ல. நான் ஒத்துக்கறேன். ஆனா எதுக்கு ரிஸ்க்? அம்மாவுக்குன்னு ஒரு டிரைவர் போட்டுடறேன்."

எப்படி இருக்கிறது கதை! தப்பு இருந்தாலும் ஓட்டக் கூடாது, இல்லாவிட்டாலும் ஓட்டக் கூடாது. இதற்கா நான் தோள் வலிக்கச் சுமந்துகொண்டு வந்தேன்? வாய்வரை வந்துவிட்டது, அதற்குள் அக்கா நடந்து வந்து அந்த இரும்பை இரண்டு கையாலும் தூக்கினார். முறிந்த இடத்தை விரலால் தடவினார்.

"இத்தினி நாளும் என் கையத்தான் திட்டிகினு இருந்தேன். சோறு பெசையக்கூட கூசிச்சு." பிறகு என்னைப் பார்த்து, "யாரு பண்ணது டீச்சர்?"

சொல்லாமல் வந்துவிடலாம் என்றுதான் பஸ்ஸில் வரும்போது நினைத்திருந்தேன். அந்தக் கையைப் பார்த்தபின் முடியவில்லை. "என் கொழுந்தன்க்கா. கீழ்க்கட்டளையில ஷெட் வச்சிருக்கான்."

அக்கா இரும்பை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். காபி வந்தது, வேலைக்காரப் பெண் கொண்டுவந்தாள். அவர் வெளியே வரவே இல்லை.

என்னையும் சேர்த்து வெறுத்துவிட்டாரோ? வெறுத்தாலும் கேட்க எனக்கு வாயில்லை, என் வீட்டு ஆள் செய்தது.

ஜூலை 21, திங்கள்

வண்டி தயார். இரண்டு பக்கமும் புது ஆர்ம், புது டை ராட். வில்பிரட் பழைய சாமானை டிக்கியில் போடப் போனார். "இருங்க" என்று ஒவ்வொன்றாக வாங்கி வண்டியில் மாட்டியிருக்கும் புதுசோடு வைத்துப் பார்த்தேன். "இன்னா மேடம், என் மேலயும் சந்தேகமா?" என்றார். "ஆமா" என்றேன்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். நீக்கியது முதாசிர் மனைவி ரூக்சார். போகட்டும், தினமும் காலையில் வரும் ரோஜாப்பூ படங்களின் தொல்லை மிச்சம்.

ஜூலை 28, திங்கள்

ஆறு மணி வகுப்புக்கு லேஅவுட்டில் நிற்கிறேன், ஷேர் ஆட்டோவிலிருந்து கிளியம்மாள் அக்கா இறங்குகிறார்!

"வூட்ல கேட்டுட்டு வந்தீங்களாக்கா?"

"கேக்கல. சொல்ட்டு வந்தேன்."

ஏறுவதற்கு முன் வண்டியைச் சுற்றிவந்தார். இடது சக்கரத்தைக் காலால் ஓங்கி ஒரு உதை உதைத்தார். "கெட்டியாத்தான் கீது" என்று ஏறி உட்கார்ந்தார். ஸ்டியரிங்கைப் பிடித்தவர் கையை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டார்.  பிறகு அவரே சாவியைத் திருப்பினார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெளியே பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

அக்காவுக்கு ரிவர்ஸ் மட்டும் வரவே மாட்டேன் என்கிறது. "பின்னாடி போறதுக்கா வண்டி வாங்கறாங்க?" என்று என்னிடமே சண்டை. இன்று ஒரு தென்னங்கன்றைச் சாய்த்துவிட்டார். அது அவர் செய்ததுதான், அதில் சந்தேகமே இல்லை.

இவர் இப்போது பேசுகிறார். உப்பு போடு, பால் வாங்கு, அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

கிளியம்மாள் அக்கா டெஸ்டில் பாஸ்! ரிவர்ஸ் உள்பட. இன்ஸ்பெக்டர் தலையசைத்ததும் எனக்குத்தான் மூச்சு வந்தது. அவர் அமைதியாக பெல்ட்டைச் சரிசெய்துகொண்டு, "போலாமா டீச்சர்" என்றார்.

திரும்பும்போதும் அவரே ஓட்டினார். பள்ளிக்கரணைக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பவில்லை.

"வூடு அந்தப் பக்கம்க்கா."

"தெரியும். கீழ்க்கட்டளைல அந்த ஷெட்டு எந்தத் தெரு?"

 வேண்டாம்க்கா என்றேன். சண்டை போட வரல, வழிய மட்டும் சொல்லு என்றார். சொன்னேன். வேறு என்ன செய்வது?

ஷெட்டுக்குள் வண்டியைக் கொண்டுபோய் அலுங்காமல் நிறுத்தினார். ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு இறங்கினார். முதாசிர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தவன், என்னைப் பார்த்ததும் முகம் இறுகி நின்றுவிட்டான். அக்காவை அவனுக்குத் தெரியவில்லை.

"நாந்தான் தம்பி கிளியம்மா" என்றார் அவர். "வண்டிய ஒடச்சவ."

அவன் கையிலிருந்த துணியைக் கீழே போட்டுவிட்டான். 

"லைசென்ஸ் பாஸாயிட்டேன். இப்டியே நாவலூர் போறேன், எம் பொண்ண பாக்க. டீச்சரும் வருது. நாலு சக்கரமும் நல்லா கீதான்னு பாத்து சொல்லு."

முதாசிர் என்னைப் பார்த்தான்.  டார்ச்சை எடுத்துக்கொண்டு தரையில் படுத்து வண்டிக்கடியில் போனான். ஒவ்வொரு சக்கரமாக ஆட்டிப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். எழுந்து, முகத்தைப் பார்க்காமல், "எல்லாம் சரியா இருக்கும்மா" என்றான்.

"இன்னொரு வாட்டி பாரு" என்றார் கிளியம்மாள் அக்கா.

மறுபடியும் படுத்தான்.